மாதம் என்னும் அளவுகோல்: இந்தியக் குடும்பக் கணக்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1921, 1922ஆம் ஆண்டுகளில் பம்பாய் மாகாணத் தொழிலாளர் அலுவலகத்தின் கணக்கெடுப்பாளர்கள், பஞ்சாலைத் தொழிலாளர் வாழ்ந்த வரிசைக் குடியிருப்புகளில் அறை அறையாகச் சென்று ஒரு படிவத்தை நிரப்பினர். குடும்பத்தில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, தானியத்துக்கு எவ்வளவு, துணிக்கு, வாடகைக்கு, விளக்கெண்ணெய்க்கு, வட்டிக்கு எவ்வளவு என்பன அதிலிருந்த கேள்விகள். 2,473 குடும்பங்களின் கணக்கும், ஊரில் குடும்பத்தை விட்டுத் தனியே வந்து தங்கியிருந்த 603 ஆண்களின் கணக்கும் திரட்டப்பட்டன. ஜி. ஃபின்ட்லே ஷிராஸ் தொகுத்த அறிக்கை 1923இல் வெளிவந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் அதிலுள்ள ஒரு முடிவுக்காகவே அதை மேற்கோள் காட்டுவர். பம்பாயின் ஆலைத் தொழிலாளி உண்ட தானியத்தின் அளவு, பஞ்ச நிவாரணச் சட்டத் தொகுப்பு அனுமதித்த உச்ச அளவை எட்டியது. ஆனால் சிறைக் கையேடு கைதிகளுக்கு விதித்த அளவை எட்டவில்லை.

அந்த ஒப்பீடு பெற்ற கவனத்தை அறிக்கையின் மற்றொரு பகுதி பெறவில்லை. கணக்கெடுக்கப்பட்ட குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி கடனில் இருந்தன. ரூபாய்க்கு மாதம் ஓரணா என்பது பரவலாக வழங்கிய வட்டி. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால் இது ஆண்டுக்கு 75 விழுக்காடு. இத்தகைய எண்களைக் கண்ட அக்கால அதிகாரிகளிலும் சீர்திருத்தவாதிகளிலும் பலர் உடனே எட்டிய முடிவு, தொழிலாளிக்குச் சிக்கனம் தெரியவில்லை என்பதே. திருமணம், குடி, திருவிழா ஆகிய மூன்றும் காரணங்களாகக் காட்டப்பட்டன. தொழிலாளி வரவறிந்து செலவு செய்யக் கற்றுக்கொண்டால் கடன் குறையும் என்ற அறிவுரையும் சேர்ந்து வந்தது. தனிமனிதர் ஒவ்வொருவரும் தம் வாழ்வுக்கேற்ற செலவுத் திட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என இன்று கைபேசிச் செயலிகள் சொல்வதற்கும் அந்த அறிவுரைக்கும் தொனியில் பெரிய வேறுபாடில்லை.

ஆனால் பம்பாய்த் தொழிலாளியின் வரவு எப்போது வந்தது என்ற கேள்வி முன்னதாகவே கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஆலைகள் மாதக் கூலி வழங்கின. அம்மாதம் முடிந்தவுடனும் வழங்கவில்லை. அடுத்த மாதத்தின் இரண்டாம் வாரம் வரை கூலி நிலுவையில் நின்றது. 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம் இதற்கு ஒரு வரம்பு கட்டியது. ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள்ளும், மற்றவை பத்தாம் நாளுக்குள்ளும் கூலி தர வேண்டும் என்றது அச்சட்டம். சீர்திருத்தத்துக்குப் பிந்தைய நிலையே இது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து மாதத்தின் முதல் நாளில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், சட்டப்படியே நாற்பது நாள் உழைத்த பிறகுதான் முதல் கூலியைக் கண்ணால் காண்பார். அந்த நாற்பது நாளும் அவர் உண்டாக வேண்டும். மளிகைக்கடைக்காரர் கடன் தந்தார். கடன் தரும் கடையில் விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும், வேறு கடைக்குப் போகவும் முடியாது. ஆக, தொழிலாளியின் வாழ்வு தொடங்கும்போதே ஒன்றரை மாதக் கடனுடன் தொடங்கியது. உண்மையில் ஆலை முதலாளிக்குத் தொழிலாளி வட்டியில்லாமல் நாற்பது நாள் கடன் கொடுத்தார். அந்தக் கடனைக் கொடுப்பதற்காக அவர் வட்டிக்குக் கடன் வாங்கினார்.

1929இல் நியமிக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த ராயல் தொழிலாளர் ஆணையம், அதாவது விட்லி ஆணையம், இதை ஓரளவு உணர்ந்திருந்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர் கடனில் இருப்பதாகவும், பெரும்பாலோரின் கடன் மூன்று மாதக் கூலிக்கும் மேற்பட்டது எனவும் அது மதிப்பிட்டது. கூலி வழங்கும் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதற்கு எதிர்ப்பு முதலாளிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் போன்ற மொத்தச் செலவுகளுக்கு மாதக் கூலியே வசதி எனக் கருதிய தொழிலாளரும் இருந்தனர். சிறு தொகையாக வந்தால் கையில் தங்காது என்ற அவர்களது அச்சம் அறியாமையன்று. சில்லறையைப் பெருந்தொகையாக மாற்றுவது எப்படி என்பதே வறியோரின் பொருளியலில் தீராத கேள்வி.

மாதம் என்பது இயற்கையான கணக்குக் காலம் போலத் தோன்றுகிறது. வரலாற்றில் அது அரசு எழுத்தரின், பள்ளி ஆசிரியரின், இரயில்வே ஊழியரின் காலம். குடும்பச் செலவை ஆராயும் துறையின் முன்னோடியான எர்ன்ஸ்ட் எங்கல், 1857இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பக் கணக்குகளைக் கொண்டு, வருமானம் குறையக் குறைய உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்ற விதியைக் கண்டார். அதன்பின் அத்துறை உலகெங்கும் பரவியபோது வருமானம், செலவு என இரு பத்திகள் கொண்ட அட்டவணையும் உடன் பரவியது. அந்த அட்டவணைக்கு ஒரு முன்கருத்து உண்டு: வருமானம் தெரிந்த அளவில், தெரிந்த நாளில் வரும். அது பொருந்தாத குடும்பத்தின் கணக்கையும் அதே பத்திகளில் எழுதினால், மிஞ்சுவது "பற்றாக்குறை" என்ற ஒரு சொல்தான்.

மாதச் சம்பளத்துக்கு முன்பும், அதற்கு வெளியிலும், இந்தியாவில் கணக்கு செழித்தே இருந்தது. வட இந்திய வணிகரின் பஹி எனப்படும் சிவப்புத் துணியட்டை ஏடுகளைப் பார்த்தோர் அறிவர்: தாளில் கோடு இருக்காது, மடிப்புகளே பத்திகள். இடப்புறம் வரவு, வலப்புறம் பற்று. ரோக்கட் பஹி என்னும் ரொக்க ஏட்டில் அன்றன்றைய இருப்பு கட்டப்படும். காத்தா பஹி என்னும் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம். தமிழ் வணிகரின் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை ஆகியவற்றுக்கு இவை நெருங்கிய உறவினர். குஜராத்தில் தீபாவளியன்று புதிய ஏடு பூசிக்கப்படும். வங்கத்தில் வைசாகத்தின் முதல் நாளில் ஹால்காத்தா. வாடிக்கையாளர் வந்து பழைய பாக்கியைத் தீர்த்து இனிப்பு உண்டு செல்வர். இங்கே கணக்குக்கு இரு காலங்கள் மட்டுமே உண்டு: நாள், ஆண்டு. இடையிலுள்ள மாதத்துக்குச் சிறப்பிடம் ஏதுமில்லை. அன்றாடம் இருப்பைச் சரிபார்க்க வேண்டும். இலாபமா நட்டமா என்பதை ஆண்டு முடிவில் அறிந்தால் போதும். ஏறி இறங்கும் வருவாய்க்கு ஏற்ற முறை இது.

அம்முறையில் வளர்ந்த ஒருவர் கணக்கு முற்றிலும் உடைந்த காலத்தையும் எழுதி வைத்திருக்கிறார். ஜௌன்பூர், ஆக்ரா நகரங்களில் வாழ்ந்த சமண வணிகர் பனாரசிதாஸ் 1641இல் இயற்றிய 'அர்த்தகதானக்' இந்திய மொழிகளின் பழைய தன்வரலாறுகளுள் ஒன்று. தந்தை கொடுத்தனுப்பிய சரக்கை ஆக்ராவில் விற்று நட்டப்பட்டு, கைப்பொருள் முழுதும் தீர்ந்தபின், அவர் இரவுகளில் மதுமாலதி, மிருகாவதி ஆகிய காதல் காவியங்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கேட்க வந்தோருள் ஒருவர் கச்சோரி விற்பவர். அவரிடம் நாள்தோறும் கடனுக்குக் கச்சோரி வாங்கி உண்டார் பனாரசிதாஸ். ஒரு நாள் தம்மிடம் பணமில்லை, இனி கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னபோதும் கச்சோரிக்காரர் கடனை நிறுத்தவில்லை. ஆறேழு மாதங்கள் இப்படிச் சென்றன. பின்னர் ஒரு கூட்டு வணிகம் அமைந்து, பணம் வந்ததும், பாக்கி தீர்க்கப்பட்டது. இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாகவே அறிஞர்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம். பொருளியல் நோக்கில் பார்த்தால், வருவாயற்ற ஆறேழு மாதங்களைக் கடக்க ஒருவருக்குத் தேவைப்பட்டது செலவுத் திட்டமன்று. திட்டமிட அவரிடம் எதுவுமில்லை. நம்பிக்கைக்குரியவர் என்று ஒருவர் மதித்ததே அவரைக் காத்தது. அதைச் சம்பாதித்துத் தந்தவை மாலை நேரக் காவிய வாசிப்புகள்.

கணக்கு என்றதும் காந்தியை நினைப்பது இயல்பு. 1888இல் இலண்டன் சென்ற அவர் அங்கே ஒவ்வொரு காசையும் எழுதினார். பேருந்துக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாள் என எதையும் விடாமல் எழுதி, உறங்கும் முன் இருப்பைக் கட்டினார். இதைத் தம் சத்திய சோதனையில் விரிவாகச் சொல்கிறார். அதை இளைஞர்களுக்கான சிக்கனப் பாடமாகப் பள்ளிகள் சொல்லித் தருகின்றன. அவர் நிலைமை எத்தகையது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அவருக்கு வருமானமே இல்லை. அண்ணன் அனுப்பிய பணமே முதல். அது கூட வழியில்லை, குறைய மட்டுமே வழியுண்டு. அப்படிப்பட்டவருக்கு வரவைத் திட்டமிடும் வேலை கிடையாது. செலவு எங்கே போகிறது என்று பார்ப்பதொன்றே செய்யத்தக்கது. போக்குவரத்துச் செலவு ஏட்டில் தெரிந்தது. நடந்தே செல்லக்கூடிய தொலைவில் அறை பார்த்தார். செலவைப் பாதியாகக் குறைக்க முடிவு செய்தார். கணக்கு முதலில் வந்தது, திட்டம் அதிலிருந்து பிறந்தது. மேலும் அவர் தனியாள். மனைவியும் குழந்தையும் இந்தியாவில் இருந்தனர். அவர்களது செலவு அந்த ஏட்டில் இல்லை. 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோதும் இதே பழக்கத்தைப் பொதுப்பணத்துக்குக் கொண்டு சென்றார். அங்கும் அது நன்கு பொருந்தியது. பிறர் கொடுத்த பணத்துக்குப் பொறுப்புக் கூறுவதே அங்கு தேவை.

காலத்தின் அளவு மாறினால் கணக்கே மாறும் என்பதற்குச் சுதந்திர இந்தியா ஒரு பெரும் சான்றைத் தந்தது. பி. சி. மகலனோபிஸின் முயற்சியால் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒரு குடும்பத்திடம் உண்டதையும் வாங்கியதையும் கேட்கும்போது கடந்த ஒரு வாரத்தைக் கேட்பதா, முப்பது நாளைக் கேட்பதா என்ற கேள்வி எழுந்தது. 1950களின் தொடக்கத்தில் மகலனோபிஸும் எஸ். பி. சென்னும் செய்த சோதனையின் அடிப்படையில் முப்பது நாள் நிலைபெற்றது. 1994க்கும் 1998க்கும் இடையில் சோதனையாக இரு படிவங்கள் பயன்படுத்தப்பட்டன. ஒன்றில் எல்லாப் பொருளுக்கும் முப்பது நாள். மற்றொன்றில் உணவு முதலியவற்றுக்கு ஏழு நாள், எப்போதாவது வாங்கும் பொருள்களுக்கு ஓராண்டு. இரண்டாம் படிவத்தின்படி வறியோரின் விழுக்காடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஏறக்குறைய இருபது கோடி மக்கள், கேள்வியின் காலம் மாறியதால் வறுமைக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டனர்! 1999–2000 கணக்கெடுப்பில் ஒரே படிவத்தில் ஏழு நாளும் முப்பது நாளும் அருகருகே கேட்கப்பட, ஒரு விடை மற்றொன்றைப் பாதித்து, முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிட முடியாத எண்கள் கிடைத்தன. அதன்மேல் எழுந்த விவாதம் ஆங்கஸ் டீட்டன், வலேரி கோசல் ஆகியோர் 2005இல் தொகுத்த நூலாகவே வந்தது.

இவ்விவாதத்தைப் புள்ளியியலாரின் உட்பூசல் என ஒதுக்குவது எளிது. அதில் எவர் வீட்டுக்கும் பொருந்தும் ஒரு செய்தி உண்டு. அரிசியும் காய்கறியும் வாரக்கணக்கில் நினைவில் நிற்பவை. துணி, கல்விக் கட்டணம், மருத்துவமனை, பாத்திரம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் மட்டுமே தெரிபவை. மாதத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு, சூன் மாதத்துக் கல்விக் கட்டணம் ஒவ்வோராண்டும் எதிர்பாராத செலவாகவே வரும். 2009இல் டெண்டுல்கர் குழு கலப்புக் காலமுறையை ஏற்றது. 2022–23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்போ கேள்விகளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதங்களில் மூன்று முறை சென்றது. ஒரு குடும்பத்தின் செலவு ஒரே தாளில் அடங்காது என்பதை அரசே ஒப்புக்கொள்ள எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நாட்கூலி பெறும் பெண்கள் இதை எவரிடமும் கற்கத் தேவையிருக்கவில்லை. 1974இல் அகமதாபாதில் தற்தொழில் செய்யும் மகளிர் சங்கத்தைச் சேர்ந்த நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்தி ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். காய்கறி விற்போர், பழந்துணி வியாபாரிகள், பீடி சுற்றுவோர் முதலியோருக்கானது அது. கையெழுத்திடத் தெரியாதவர்களுக்குப் புகைப்படமே அடையாளமாயிற்று. இதைவிட வியப்பூட்டுவது ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு எழுதிய வறியோரின் பணம் பற்றிய நூலில் வரும் விசயவாடாக் குடிசைப் பகுதி. அங்கே ஒரு பெண் வீடு வீடாகச் சென்று சேமிப்பைத் திரட்டினார். ஒவ்வொருவரிடமும் 220 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டை. ஐந்து ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டம் அடிக்கப்படும். எல்லாக் கட்டங்களும் நிறைந்தால் செலுத்திய தொகை 1,100 ரூபாய். திரும்பக் கிடைப்பது 1,000 ரூபாய். நூறு ரூபாய் அவரது கூலி. சராசரி இருப்பைக் கொண்டு கணக்கிட்டால், சேமிப்போர் ஆண்டுக்கு 30 விழுக்காடு வட்டியைத் தாமே கொடுத்துச் சேமித்தனர்!

பாடநூல் பொருளியல் இதை முட்டாள்தனம் என்றே சொல்லும். ஆனால் ஐந்து ரூபாயை வீட்டில் வைத்தால் அது நிற்காது. கணவர் கேட்பார், உறவினர் கேட்பார், குழந்தை கேட்கும். பள்ளி திறக்கும்போது ஆயிரம் ரூபாய் ஒரே தொகையாகக் கையில் இருப்பதற்கு நூறு ரூபாய் விலை கொடுக்கலாம் என அப்பெண்கள் கருதினர். இதுவும் ஒரு செலவுத் திட்டமே. அதன் காலம் 220 நாள். அதன் பத்தி ஒன்றே ஒன்று. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் ஒளித்த பணமும் இதே வகையைச் சேர்ந்தது. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆனபோது அப்பணம் வெளியே வர நேர்ந்தது. வங்கிக்கு எடுத்துச் சென்ற அந்நாளிலேயே பல வீடுகளில் அது இரகசியம் என்ற தன்மையை இழந்தது. அந்த இழப்பு எந்தக் கணக்கெடுப்பிலும் பதிவாகவில்லை.

இன்று இளைஞரிடையே அதிகம் பேசப்படும் முறை 50-30-20: வருமானத்தில் பாதி தேவைகளுக்கு, முப்பது விருப்பங்களுக்கு, இருபது சேமிப்புக்கு. இதைப் பரப்பியது எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் தியாகியும் 2005இல் எழுதிய நூல். வீட்டுக் கடனாலும் கடன் அட்டையாலும் நசுங்கிய அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது அது. அக்குடும்பங்களுக்கு நல்ல அறிவுரைதான். இந்தியாவிலோ 2022–23 கணக்கெடுப்பின்படி உணவுக்கு மட்டுமே ஊரகக் குடும்பங்கள் தம் செலவில் 46.38 விழுக்காட்டையும் நகர்ப்புறக் குடும்பங்கள் 39.17 விழுக்காட்டையும் செலவிட்டன. வாடகை, மருந்து, பள்ளி, பேருந்து இனிமேல்தான் வர வேண்டும். அதே ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில் முறையான கூலியோ சம்பளமோ பெற்றவர்கள் உழைப்போரில் ஏறத்தாழ 21 விழுக்காடு. 57 விழுக்காட்டினர் தற்தொழில் செய்வோர். எஞ்சியோர் அன்றாடக் கூலிகள். மாதக் கணக்கு இயல்பாகப் பொருந்துவது ஐந்தில் ஒருவருக்கே என்றால், எஞ்சிய நால்வரை ஒழுக்கமற்றோர் எனக் கொள்வதைவிட அளவுகோலை ஐயுறுவதே ஆய்வு நெறி.

இந்த ஐந்தில் ஒருவர் என்னும் கூட்டத்துக்குள்ளும் ஒரு பிரிவினர் பெயரளவில்தான் இருக்கின்றனர். ஆய்வு மாணவர் நிலை அது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. தாளில் அது மாத வருமானம். பலருக்கு நான்கு மாதமோ ஆறு மாதமோ கழித்து நிலுவையாக வருகிறது. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் வந்தவருக்கு, வீட்டிலிருந்து வாங்கும் வழி கிடையாது. வீட்டுக்கு அனுப்பும் கடமையே உண்டு. விடுதி உணவகத்தில் பாக்கி, நண்பரிடம் கைமாற்று, கள ஆய்வுக்குப் போகும் பயணச்சீட்டு கடனில். பம்பாய் ஆலைத் தொழிலாளியின் நாற்பது நாள் இங்கே நூற்றுஎண்பது நாளாகிறது. இவர்களுக்கு மாதத் திட்டம் போடும் பயிற்சிப் பட்டறைகளும் நடத்தப்படுகின்றன.

இந்நிலையில் உள்ளவருக்குப் பயன்படும் முன்மாதிரி எழுத்தரிடம் இல்லை, உழவரிடம் இருக்கிறது. உழவருக்கு வருவாய் ஆண்டில் இருமுறை, மொத்தமாக வருகிறது. அடுத்தது எப்போது, எவ்வளவு என்பது மழையைப் பொறுத்தது. களத்திலேயே விதைநெல் முதலில் ஒதுக்கப்படும். அடுத்துக் கடன் கொடுத்தவரின் பங்கு. அதைத் தீர்க்காவிட்டால் அடுத்த முறை கேட்க முடியாது. மூன்றாவதாக, அடுத்த அறுவடை வரை வீட்டுக்கான தானியம், அறுவடை தாமதமாகலாம் என்ற எண்ணத்துடன் சற்றுக் கூட்டியே. எஞ்சியது இருந்தால்தான் துணியும் திருவிழாவும். நிலுவைத் தொகை ஒரே நாளில் இரண்டு இலட்சமாக வங்கிக்கு வரும்போது, அதை ஆறு மாதச் சம்பளம் எனக் கொள்வதா, இனி வரப்போகும் எட்டு மாதத்துக்கான தானியம் எனக் கொள்வதா என்பதில்தான் வேறுபாடு. பலருடைய கள ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது: யாரிடம் வாங்கியது, யாருக்குக் கொடுத்தது என இரண்டே பத்திகள், மேலே மாதத்தின் பெயர் இல்லை.